அபயம் பெற்றவற்றின் சந்ததி

கடத்தல்காரரின் சாக்கு மூட்டையிலிருந்தோ, வளர்த்து அலுத்துப்போன ஒரு வீட்டின் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்தோ மீட்கப்பட்ட பெண் நட்சத்திர ஆமை ஒன்று, ஆண் துணை ஏதுமின்றித் தனியே வைக்கப்பட்டிருந்தும், ஒருநாள் மாலை தன் பின்னங்கால்களால் மண்ணைத் தோண்டி, குழிக்குள் நாலைந்து வெண்ணிற முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, அடியோட்டால் அழுத்திச் சமன் செய்துவிட்டு, நடந்த காரியத்துக்கும் தனக்கும் இனிச் சம்பந்தமில்லை என்பதுபோல் மெல்ல நகர்ந்து போய்விடுகிறது. ஆமையினத்துப் பெண்கள், ஒருமுறை ஆணோடு கூடியபின் அதன் வித்தைத் தம் உடலுக்குள்ளேயே மாதக்கணக்கில், சில ஜாதிகளில் ஆண்டுக்கணக்கில்கூடச் சேமித்து வைத்திருக்க வல்லவை. ஆதலால் தனிமையில் இட்ட முட்டை என்பதற்காக அதில் கரு இராது என்று சொல்லிவிட இயலாது. அந்த முட்டைகளைப் பக்குவமான சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்க விடுவதா, அல்லது கரு வளரத் தொடங்குமுன்னரே எடுத்து அப்புறப்படுத்திவிடுவதா? அபயமளித்தவனுடைய கடமை அபயம் பெற்ற ஜீவனோடு நின்றுவிடுகிறதா, இன்னும் பிறவாத அதன் சந்ததியையும் தொடுகிறதா என்ற தர்ம விசாரம் அந்த மண்குழியிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த விசாரம் திருநெல்வேலிச் சீமைக்கு அந்நியமானதன்று. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளால் தடுத்துப் பகிர்ந்துகொள்ளப்பட்டு, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணியின் கால்வாய்களிலும், அவை நிரப்பும் குளங்களிலும் பாலாமை வாழ்கிறது; மேலே மலைக்காடுகளில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே பிரத்தியேகமான திருவாங்கூர் ஆமை வாழ்கிறது; ஆற்றை விட்டு விலகித் தெற்கே நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் போனால், உடைமரமும் முட்புதரும் காய்ந்த புல்லுமாகக் கிடக்கும் வறண்ட நிலம், நட்சத்திர ஆமை விரும்பும் நிலத்தின் குணங்களையெல்லாம் கொண்டிருக்கிறது. வாய்க்காலில் குளிக்கப்போன பேரன் பாலாமைக் குஞ்சு ஒன்றைக் கையில் ஏந்தி வந்தால், “ஏல, அதத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள வராத, போட்டுட்டு வா” என்று வாசலிலேயே மறித்து நிறுத்திய பாட்டிமார் இந்த ஊர்களில் இருந்தார்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்ற பழமொழியை அவர்கள் வேதவாக்காக நம்பினார்கள். மூடநம்பிக்கை என்று நாம் தள்ளிவிட்ட அந்த நம்பிக்கை, எண்ணற்ற ஆமைகளை மனிதர் வீட்டு வாசற்படியோடு திருப்பி அனுப்பி, அவை தம் நீர்நிலையிலேயே வாழ்ந்து மடியும்படி செய்துகொண்டிருந்தது. இன்றோ நம்பிக்கையின் திசை மாறிவிட்டது. முதுகில் நட்சத்திரம் வரைந்த ஆமை வீட்டிலிருந்தால் செல்வம் சேரும் என்று சொல்லி விற்கிறார்கள், வாங்குகிறார்கள்.

அந்த வாணிபத்தின் பரிமாணத்தை ஒரு கணக்கு உணர்த்தும். ஆந்திரப் பிரதேசத்தின் ஒரே ஒரு வாணிப மையத்தைச் சுற்றி மட்டும் ஆண்டொன்றுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாக 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறியது. 2019-இல் ஜெனீவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்த நாடுகள், இந்த ஆமையைப் லாபநோக்குள்ள பன்னாட்டு வாணிபம் பொதுவாகத் தடுக்கப்பட்ட முதற் பட்டியலுக்கு உயர்த்தின. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் நெடுங்காலம் நான்காம் அட்டவணையில் கிடந்த இது, 2022-இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்பின் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. அந்த அட்டவணைப் பிராணியைப் பிடித்தாலோ வைத்திருந்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறைவாசமும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. பறிமுதலான பிராணி அரசின் உடைமை. ஆகவே மீட்ட ஆமையின் முட்டையைப் பொரிக்கவைக்கும் உரிமை தனிமனிதர் எவருக்கும் சட்டப்படி இல்லை. அரசின் அனுமதியோடு அதைப் பராமரிக்கும் நிலையங்களுக்கே இந்தக் கேள்வி உரியது. ஆனால் சட்டம் ஒரு கேள்வியை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லுமேயன்றி, அதற்கு விடை என்ன என்று எப்போதும் சொல்லிவிடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஓணான்கள், மலைப்பாம்புகள் விஷயத்திலோ சட்டத்தின் வாசல் இன்னும் சற்று அகலம்: 2024-இல் வந்த விதிகளின்படி உடையவர் அவற்றைப் பதிவு செய்து, பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றைத் தெரிவித்தால் வைத்துக்கொள்ளலாம். அங்கேதான் தனிமனிதருடைய மனச்சாட்சி தனியே நின்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

குஞ்சு பொரிக்க விடலாம் என்போர் தீயவர்களல்லர். அவர்களுள் பலர் பிராணிகளிடம் உண்மையான பிரியமுடையவர்கள் என்பதை நான் ஐயமின்றி ஒப்புக்கொள்கிறேன். ஓட்டை மூக்கு நுனியால் குத்தித் திறந்துகொண்டு, உள்ளங்கையில் பாதிகூட நிரம்பாத ஒரு ஜீவன் வெளிப்படும் காட்சியின் ஆனந்தத்தைக் குறைத்துப் பேச என் மனம் இடங்கொடாது. ஆனால் அந்த ஆனந்தம் ஒரு காலைப்பொழுதுக்குரியது. அதன் பின்னே வரும் பொறுப்போ ஒரு மனிதனின் ஆயுளை விஞ்சக்கூடியது. நட்சத்திர ஆமை பல பத்தாண்டுகள் வாழும். பந்துபோல் சுருண்டுகொள்ளும் இயல்பால் ‘பால் பைதான்’ என்று வணிகர் அழைக்கும் மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு, அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டி வாழ்ந்ததோடு, 15 ஆண்டுகளுக்கும் மேலாக ஆணைக் காணாதிருந்தும் 2020-இல் ஏழு முட்டைகளையும் இட்டது. 40 வயதில் ஒருவர் பொரிக்கவைக்கும் குஞ்சு, அவர் பேரனுடைய நடுவயதுவரை தீனியும் வெயிலும் வைத்தியமும் கேட்டுக்கொண்டிருக்கும். பேரனை யாரும் கலந்து பேசியிருக்க மாட்டார்கள்.

பணத்துக்காக இனவிருத்தி செய்வோரைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. ஆயினும் அந்த வாணிபம் பிராணியின் உடலை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்ல வேண்டும். மேற்சொன்ன மலைப்பாம்பில், சிலந்திவலைபோன்ற கோலம் தோலில் அமையும்படி தேர்ந்து பெருக்கிய ஒரு வகை உண்டு. அந்தக் கோலத்தைத் தரும் அதே மரபணு நரம்பையும் பாதிப்பதால், அப்பாம்புகள் தலையை நேரே நிறுத்த இயலாமல் ஆட்டிக்கொண்டும், இரையைக் குறிபார்த்துப் பிடிக்கமுடியாமல் தடுமாறிக்கொண்டும் ஆயுள் முழுதும் வாழ்கின்றன. பாராட்டி வாங்குகிறவர் அழகையே கண்டார். தள்ளாட்டத்தைப் பிறவிக்குணம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். உடையவர் கைவிட்டு மீட்கப்பட்ட இத்தகைய பாம்பு ஒன்றை அன்போடு பராமரிப்பது புண்ணியம். அதற்குச் சந்ததி உண்டாக்குவது, அந்த வேதனையை அறிந்தே இன்னொரு உடலுக்குக் கைமாற்றுவது.

மிஞ்சி நிற்பது, மிகவும் மரியாதைக்குரியதான மூன்றாம் காரணம்: அருகிவரும் இனத்தை இவ்வாறு பெருக்கினால் காட்டுக்கே திருப்பிக்கொடுக்கலாமே என்பது. இது வெறும் கனவன்று, நடந்த காரியம். நம் நட்சத்திர ஆமையின் நெருங்கிய தாயாதியான பர்மா நட்சத்திர ஆமை, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மியான்மரின் காடுகளில் இல்லையென்றே சொல்லத்தக்க நிலையை அடைந்துவிட்டது. 2004 முதல், பெரும்பாலும் கடத்தல்காரரிடம் பறிமுதலான ஏறத்தாழ 175 ஆமைகளைக்கொண்டு, அந்நாட்டுச் சரணாலயங்களிலேயே இனவிருத்தி தொடங்கினார்கள். 2017-க்குள் அவற்றின் தொகை 14,000-ஐத் தாண்டியது. நூற்றுக்கணக்கானவை சொந்தக் காட்டுக்கே திரும்பின. வங்காளச் சுந்தரவனத்தில், சஜ்னேகாலியில் ஒரு குளத்திலே 2008-இல் கண்டறியப்பட்ட மிகச் சில ஆற்றாமைகள், அழிந்தேபோயிற்று என்று கருதப்பட்ட இனத்தின் எச்சம் என்று தெரிந்ததும், அவற்றைக் கவனமாகப் பராமரித்து 2012-இல் குஞ்சு கண்டார்கள். 2022-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய பத்து ஆமைகளை ஆற்றில் விட்டார்கள். மீட்கப்பட்டவற்றின் சந்ததியால் ஓர் இனமே மீளும் என்பதற்கு இவற்றைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் இந்த இரண்டு வெற்றிகளும் எதன்மேல் நின்றன என்பதை நின்று பார்க்க வேண்டும். அவை எந்த நிலத்துக்கு உரியவை என்பது தெரிந்திருந்தது. அந்த நிலம் அவற்றை ஏற்கக் காத்திருந்தது. காவலுக்கு அந்தந்த நாட்டு வனத்துறையும் கிராமத்தாரும் இருந்தார்கள். ஒருவர் மாண்டால் மற்றொருவர் தொடரத்தக்க ஸ்தாபனம் இருந்தது. நம் வீடுகளிலிருந்தும் விமான நிலையங்களிலிருந்தும் மீட்கப்படும் நட்சத்திர ஆமையைப்பற்றி இவற்றுள் முதலாவதே சொல்ல இயலாததாயிருக்கிறது. ராஜஸ்தான், குஜராத் பக்கத்து ஆமையும், ஆந்திர தமிழ்நாட்டு ஆமையும், இலங்கை ஆமையும் ஒரே ஜாதிதான் எனினும், வெகுகாலம் பிரிந்து வாழ்ந்து வெவ்வேறு வம்சங்களாகிவிட்டவை. சிங்கப்பூரில் பறிமுதலாகி இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்ட ஒரு கூட்டத்தை ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தார் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி 2006-இல் வெளியிட்ட முடிவு, அக்கூட்டம் ஒரே வம்சத்ததாயில்லை, கலந்து கிடந்தது என்றே காட்டிற்று. கடத்தல்காரன் எந்தக் காட்டில் எதைப் பிடித்தான், எந்தச் சாக்கில் எவற்றோடு சேர்த்தான் என்று எழுதிவைப்பதில்லை. அத்தகைய இரண்டைக் கூட்டிவைத்துப் பிறக்கும் குஞ்சு எந்த ஊர்க் காட்டுக்கு உரியது?

சிங்கங்களின் விஷயத்தில் இந்தப் பாடத்தை நம் நாடு முன்னமே கற்றுக்கொண்டது. சண்டீகரை அடுத்த சத்பீர் மிருகக்காட்சிசாலையில் ஆசியச் சிங்கத்தையும், சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் கலந்து பெருக்கி, பிறந்தவற்றை ஆசியச் சிங்கமென்றே எண்ணியிருந்து, கலப்பு வெளிப்பட்டபின் 2000-ஐ ஒட்டி அவற்றின் இனவிருத்தியையே நிறுத்த வேண்டியதாயிற்று. அச்சிங்கங்களை யாரும் கொல்லவில்லை. ஆயுள் முடியும்வரை பராமரித்தார்கள். சந்ததியை மட்டும் நிறுத்தினார்கள். கம்பீரமான மிருகத்துக்கு நாம் காட்டிய அந்த நிதானத்தை, கையடங்கும் ஆமைக்கும் காட்டினால் என்ன?

நோயையும் இங்கே எண்ண வேண்டும். பல ஊர்ப் பிராணிகள் ஒரே தொட்டியில் நெருக்குண்டு கிடக்கும்போது, மூக்கில் நீர்வடிந்து மூச்சுத்திணறச் செய்யும் தொற்றுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவி, வெளிக்குக் குணமானதுபோல் தோன்றினாலும் உள்ளே தங்கிவிடக்கூடும். அந்த இடத்தில் பிறந்து வளர்ந்த குஞ்சைக் காட்டில் விட்டால், அங்கே எஞ்சியிருக்கும் சில ஆமைகளுக்கும் நம் கருணையே காலனாகிவிடலாம்.

நிலமின்றிப் பெருக்குவதன் விளைவுக்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரியதொரு சரித்திரம் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், ரோமுலஸ் விட்டேக்கரும் ஸாய் விட்டேக்கரும் 1976-இல் நிறுவிய முதலைப் பண்ணை, நாட்டில் முதலைகள் அற்றுப்போகும் என்று அஞ்சிய காலத்தில், சதுப்புநில முதலைகளை அற்புதமாகப் பெருக்கிக் காட்டியது. அங்கே பிறந்தவை பல மாநிலங்களின் நீர்நிலைகளுக்குச் சென்றன. பின்னர், விடத்தக்க நீர்நிலைகள் நிறைந்துபோகவே, 1994-இல் மத்திய அரசு முதலைகளை வெளியே விடுவதை நிறுத்திற்று. முட்டையிடும் தாய்களுக்கு அந்த அரசாணை தெரியுமா? இட்ட முட்டைகளை ஆண்டுதோறும் தேடி எடுத்து அழிப்பதும், ஆண் பெண்களைப் பிரித்துவைப்பதும் அங்கே வழக்கமாகிவிட்டன. ஏறத்தாழ 8.5 ஏக்கர் நிலத்துக்குள் இடநெருக்கடி முற்றவே, சுமார் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள தனியார் மையம் ஒன்றுக்கு அனுப்ப அனுமதி பெற்றார்கள். அதை எதிர்த்த பொதுநல வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் தள்ளுபடி செய்தது. அந்நிறுவனத்தின் சேவை மகத்தானது என்பதில் எனக்குக் கிஞ்சித்தும் ஐயமில்லை. அறிவும் அனுபவமும் பயிற்சிபெற்ற ஊழியரும் நிறைந்த ஓர் இடத்துக்கே பிறப்பின் பெருக்கத்தைத் தாங்க முடியாமற் போனதென்றால், பாளையங்கோட்டையில் ஒரு மாடிவீட்டின் மொட்டைமாடித் தொட்டி எம்மாத்திரம்?

வீட்டுக் கொல்லைகள் பெருக்கியதற்கும் உதாரணம் உண்டு. அது கடல்கடந்த அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலிருந்து. அங்கே பாலைவன ஆமை என்ற இனம் 1990 முதல் அபாயத்திலுள்ளதாகச் சட்டத்தால் காக்கப்பட்டுவர, லாஸ் வேகாஸ் நகரத்து வீடுகளிலோ அதே ஆமை வளர்ப்புப் பிராணியாகப் பெருகிப் பெருகி, வேண்டாமென்று கொண்டுவந்து கொடுக்கப்பட்டவை ஆண்டுக்கு ஆயிரம் அளவில் அங்கிருந்த பாதுகாப்பு மையத்தில் வந்து குவிந்தன. அவற்றுள் நோயுற்றவை பல. காட்டுக்கு விடத் தகாதவை பல. 2013 முதல் ஒருவர் ஓர் ஆமைக்குமேல் புதிதாக வைத்துக்கொள்ளலாகாது என்று அம்மாநிலம் விதித்தது. கூட்டிவைத்தால்தானே பெருகும் என்பதே அதன் நியாயம். மையமோ பணமின்றி 2014-இல் மூடப்பட்டது. காட்டில் ஆமை குறைந்துகொண்டிருக்க, நகரத்தில் ஆமைக்கு இடமில்லை என்ற நிலை வந்தது. ஒன்றின் பெருக்கம் மற்றதன் குறைவை எள்ளளவும் நிரப்பவில்லை.

இவ்வளவும் கேட்டபின்னும் ஜீவகாருண்யமுடைய ஒருவர் கேட்கக்கூடும்: சந்ததி என்பது எல்லா உயிருக்கும் இயற்கை தந்த சுபாவமாயிருக்க, அதைத் தடுக்க நாம் யார்? முட்டையை அழிப்பது பாவமன்றோ? இந்தக் கேள்வியை நான் இலேசாக ஒதுக்க மாட்டேன். ஆயினும் ஆமைக்கு எது சுபாவம் என்று அதன் பக்கமிருந்து பார்த்தால், குழிதோண்டுவதும் முட்டையிடுவதும் மூடுவதும்தான் அதன் தேவை. பொரித்த குஞ்சை அது கூட்டி வளர்ப்பதில்லை, தேடுவதுமில்லை. ஆகவே தாய்க்கு நாம் செய்யும் கொடுமை முட்டையை எடுப்பதில் இல்லை. முட்டையிடத் தகுந்த மண் தராமலிருப்பதில்தான் இருக்கிறது. சிமெண்டுத் தரையிலும் கண்ணாடித் தொட்டியிலும் வைக்கப்பட்ட பெண்ணாமை, தோண்ட இடமின்றி முட்டையை உள்ளேயே அடக்கி வைத்திருந்து, அதனாலேயே மடிவதும் உண்டு. மீட்டவர் எவராயினும், ஆண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சற்றே ஈரமுள்ள ஆழமான மண்மேடு ஒன்றை அதற்கு அமைத்துக்கொடுக்கக் கடமைப்பட்டவர். ஓடு உருவாக உடம்பின் சுண்ணாம்புச் சத்து கரைவதால், அதற்கேற்ற கீரையும் வெயிலும் தரவேண்டும். இடைவிடாது துரத்தி மோதும் ஆண்களை வேறு அடைப்பில் வைக்கவேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, இட்ட அன்றே முட்டையை எடுத்து உறைகுளிரில் வைத்துவிட்டால், உணர்ச்சியுள்ள எதுவும் அங்கே வதைபடுவதில்லை. நாள் தாழ்த்தி, கரு உருவெடுத்தபின் கைவைப்பதுதான் மனத்தை உறுத்தவேண்டிய செயல். பொரிக்கவைக்கும்போதும் நாம் இயற்கையைத் தன்போக்கில் விடுவதில்லை என்பதை மறக்கலாகாது: நட்சத்திர ஆமைக்குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் முட்டையிருந்த மண்ணின் சூட்டைப் பொறுத்தது, பெட்டியின் வெப்பச்சீராக்கியைத் திருகும் விரலே அங்கே விதியாகிறது.

சாதாரணமாக நம் ஊர் வளர்ப்புமீன் கடைகளில் விற்கும் சிவப்புக்காது ஆமையைப்பற்றி வேறுவிதமாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நாணய அளவில் வாங்கப்படும் அது சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டளவாகி, நாற்றமும் இடமும் தாளாமல், ‘பாவம், சுதந்திரமாகப் போகட்டும்’ என்று கோயில் தெப்பக்குளத்திலோ வாய்க்காலிலோ விடப்படுகிறது. வட அமெரிக்காவுக்குரிய அந்த இனம், உலகின் மிகக் கொடிய நூறு ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 1997-இலேயே அதன் இறக்குமதியைத் தடுத்துவிட்டன. அந்நிய மீனான ஜிலேபிக் கெண்டை வந்தபின் நம் குளத்து நாட்டுமீன்களின் கதி என்னவாயிற்று என்பதைக் குளக்கரையில் தூண்டில் போடும் எவரைக் கேட்டாலும் சொல்வார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி இருகரையும் புரண்டு வீடுகளுக்குள் புகுந்தபோது, எந்தத் தொட்டியும் எந்தக் கொல்லைக் குட்டையும் ஆற்றிலிருந்து தனித்து நிற்கவில்லை. வெள்ளம் வரும் பள்ளத்தாக்கில், வீட்டில் ஓர் அந்நிய இனத்தைப் பெருக்குகிறவர் ஆற்றிலேயே பெருக்குகிறார் என்றுதான் கொள்ளவேண்டும். இத்தகைய ஆமையை ஒப்படைக்க வருவோரைக் குற்றவாளிபோல் நடத்தாமல் வாங்கிக்கொள்ளும் ஓர் இடம் நெல்லையில் இருக்குமாயின், தெப்பக்குளத்துக்கு அதைக் கொண்டுபோகும் கைகள் அங்கே திரும்பும்.

அப்படி ஓர் இடத்துக்கு வேண்டிய அறிவு இந்தச் சீமையிலேயே இருக்கிறது. ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வயிற்றில் முட்டை தங்கிய ஆமையை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க இயலும். ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. மணிமுத்தாற்றில் அகஸ்தியமலை சமுதாய வளப் பாதுகாப்பு மையத்தார், தாமிரபரணிக் குளங்களின் நீர்ப்பறவைகளைத் தன்னார்வலரைக்கொண்டு 2011 முதல் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வருகிறார்கள். பறவைக்குப் பழகிய கண்கள் ஆமையையும் பார்க்கும். வனத்துறையின் தலைமையில் இவர்கள் கூடி, முட்டை பொரிக்கும் பெட்டியை வாங்குவதற்குமுன் வேறொரு காரியத்தைத் தொடங்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். கங்கைகொண்டானில் புள்ளிமானுக்கென்று 2013-இல் ஒரு சரணாலயம் ஒதுக்கினோம். வல்லநாட்டில் வெளிமானுக்கு ஒதுக்கினோம். நாங்குநேரியிலிருந்து ராதாபுரம்வரை, காற்றாலைகளுக்கும் சூரிய ஒளிப் பண்ணைகளுக்கும் இடையே, தரிசு என்று வருவாய்ப் பதிவேட்டில் எழுதப்பட்டு எஞ்சியிருக்கும் முட்புதர் நிலம் எவ்வளவு, அதில் ஆமை உண்டா, உண்டெனில் அது எந்த வம்சம் என்று ஊர் ஊராகச் சென்று ஒரு கணக்கு எடுக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கு கையில் வரும்வரை, அடைப்பில் இருக்கும் பெண்ணாமைகளின் முட்டைகள் இட்ட அன்றே எடுக்கப்படட்டும். வந்தபின், எந்த ஆமையின் முட்டையை எந்த நிலத்துக்காகப் பொரிப்பது என்று பேச உட்காரலாம்.